குணம் என்ற கட்டத்தில் நான் எழுதாமல் விட்டது

எனக்கு முன்னால் பிறந்து, தலையை இழுத்துப் பிடித்துச் சடை பின்னிவிட்டு, அழுதால் மண்டையில் ஒரு குட்டும் வைத்த என் பாக்கியம் அக்காவுக்கு,

நீ போய் ஆறு பொங்கல் ஆகிவிட்டது. இத்தனை நாளில் உனக்கு ஒரு வரி எழுதத் தோன்றவில்லை. இன்று எழுதுகிறேன் என்றால், வேறொன்று எழுத உட்கார்ந்து அது வராமல்தான். காலையிலிருந்து நாலு தரம் உட்கார்ந்து நாலு தரம் எழுந்துவிட்டேன். விளக்குத் திரியைச் சரி செய்கிறேன், துவைத்த துணியையே மறுபடி மடிக்கிறேன். உன் தம்பி மாதிரி நீ பார்த்துக்கொண்ட என் வீட்டுக்காரர், "இன்னா மரகதம், கால்ல சக்கரம் கட்டினு சுத்தறே?" என்று கேட்டுவிட்டு ஷிஃப்டுக்குப் போய்விட்டார்.

விஷயம் இதுதான். இங்கே பெங்களூர் ஜோகுபாளையத்தில் எங்கள் மாதர் சங்கம் இந்த வருஷம் ஒரு மலர் போடுகிறது. கோலம், சமையல், பக்திப் பாட்டு எல்லாம் ஆள் ஆளுக்குப் பிரித்துக் கொடுத்தாயிற்று. என்னிடம் தலைவியம்மா வந்து, "ஊசி, கத்தி இல்லாம உடம்ப நல்லா வெச்சிக்க என்னென்ன வழி இருக்குதுன்னு நாலு பக்கத்துல ஒரு அறிமுகம் எழுதிக் குடுங்க. உங்கள விட்டா யாருக்குத் தெரியும்?" என்றார். தெரியும்தான். உன்னை வைத்துக் கற்றுக்கொண்டதுதானே எல்லாம்? பிள்ளையின் சிலேட்டிலும் மளிகைப் பொட்டலக் காகிதத்திலும் எழுத்துக் கூட்டிப் படித்தவளுக்கு இன்று இந்தத் தெருவில் "நோட்டு அம்மா" என்று பேர். குழந்தைக்குச் சளியா, மாமியாருக்கு முழங்கால் பிடிப்பா, என்னிடம் வருகிறார்கள்.

அந்த நாலு பக்கத்தை இப்போது உனக்கு எழுதுகிறேன். சங்கத்துக்கும் இதையேதான் கொடுக்கப் போகிறேன். அவர்கள் போட்டால் போடட்டும்.

முதலில் உன் மகள் வசந்தா வந்த கதையைச் சொல்கிறேன். போன மாதக் கடைசி வெள்ளிக்கிழமை. ஜீவனஹள்ளியிலிருந்து, இரண்டு பிள்ளைகளையும் மாமியாரிடம் விட்டுவிட்டுத் தனியாக வந்தாள். கையில் ஒரு துணிப்பை. உள்ளே வந்ததும், "சின்னம்மா, கதவ சாத்து" என்றாள்.

சாத்தினேன். முந்தானையை விலக்கி என் கையை எடுத்து வைத்தாள். அக்கா, என் விரலுக்கு அது உடனே தெரிந்துவிட்டது. உனக்கு வந்த அதே பக்கம். புளியங்கொட்டை அளவு.

மார்பில் கட்டி என்று மலரில் எழுதலாமா, பெண்கள் முகம் சுளிப்பார்களோ என்று ஒரு நாள் பூரா யோசித்தேன். எழுதிவிட்டேன். அந்த வார்த்தையை வாயால் சொல்ல வெட்கப்பட்டுத்தானே நாம் இருவரும் ஒரு வருஷத்தைத் தொலைத்தோம்?

"எப்பலேர்ந்து?" என்றேன்.

"தசரா லீவுலேர்ந்து. அவருக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. நீ பயப்படாத சின்னம்மா, என்கிட்ட மருந்து இருக்குது" என்று துணிப்பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தாள். நான் உனக்காக எழுதிய வைத்திய நோட்டு. உன் காரியம் முடிந்த பிறகு, அம்மா ஞாபகமாக இருக்கட்டும் என்று நானேதான் அவளிடம் கொடுத்தேன். அட்டையில் மஞ்சளும் குங்குமமும் அப்பியிருந்தது. வருஷா வருஷம் சரஸ்வதி பூஜையில் வைக்கிறாளாம்.

"பாரு, இந்த வெள்ள மாத்திரையில அம்மாவுக்கு வலி கொறைஞ்சிருக்குது. மண்ணு கட்டினதுல நல்லா தூங்கியிருக்குது. எல்லாம் உன் கையெழுத்துதான். அப்பறம் பாதியில விட்டுட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனீங்க, நோட்டும் நின்னுபோச்சு, அம்மாவும் போயிடுச்சு. நான் விடமாட்டேன். இதுல இருக்கறத அப்படியே எனக்குப் பண்ணு."

அக்கா, அந்த நிமிஷம் நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? நீயாக இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்? நான் அடுப்படிக்குப் போய்க் காப்பி போட்டேன். "திங்கட்கிழமை வீட்டுக்கு வரேன், பாத்துக்கலாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். கோழை.

படிக்கிறவர்களுக்கு அந்த நோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அணா போய் நயா பைசா வந்த ஐம்பத்தேழாம் வருஷம் உனக்குக் கட்டி தெரிந்தது. நீ என்னிடம் மட்டும் சொன்னாய். மாமாவிடம் சொல்லக் கூடாது, ஆண் டாக்டர் கை படக் கூடாது, சாமி மேல் ஆணை என்றாய். சரி என்றேன். வீட்டுக் கணக்கு எழுதுகிற மாதிரியே ஒரு நோட்டுப் போட்டேன். மேலே பிள்ளையார் சுழி. கீழே நாலு கட்டம்: நாள், மருந்து, பத்தியம், குணம். தினமும் சாயங்காலம் விளக்கேற்றியதும் எழுதுவேன். ஒரு நாள் தவறியதில்லை.

முதலில் ஹோமியோபதி ஐயாவிடம் போனோம். ரிட்டயரான கிளார்க்கு, காசு வாங்காமல் வீட்டில் வைத்து மருந்து கொடுப்பவர். மணி மணியாகச் சர்க்கரை உருண்டை. அதில் மருந்து இருக்கிறதா என்று நாக்குக்கே தெரியாது. ஆனால் பத்தியம் பெரிது: காப்பி கூடாது, வெங்காயம் கூடாது, பெருங்காயம் கூடாது, வீட்டில் கற்பூர வாசனையே கூடாது, மருந்தை முறித்துவிடும் என்றார். நாற்பத்தெட்டு நாள் நான் சாமிக்குக் கற்பூரம் காட்டவில்லை. நெய்விளக்கை மட்டும் சுற்றினேன். நீ பாயில் படுத்துக்கொண்டே, "வியாதி எனக்கு, பத்தியம் சாமிக்கா? பாவம்டி முருகன், நாளைக்கு அவருக்கும் சேத்து ரெண்டு உருண்டை குடுத்துடு" என்றாய். சிரித்துச் சிரித்து உனக்கு இருமல் வந்துவிட்டது.

பிறகு இயற்கை வைத்தியம். ஒரு சின்னப் புத்தகத்தைப் பார்த்து நானே செய்தேன். பட்டினி, எலுமிச்சை நீர், தொட்டித் தண்ணீரில் இடுப்பளவு உட்காருவது, ஈர மண் பற்று. மார்கழி மாதத்து பெங்களூரில், பல் கிட்டுகிற குளிரில், ஏரிக்கரைப் பக்கத்து மண்ணைச் சலித்துக் குழைத்து உனக்குக் கட்டினேன். "இன்னாடி, செவுத்துக்குப் பூசற மாதிரி பூசறே? அப்படியே சுண்ணாம்பும் அடிச்சிடு, பொங்கலுக்கு ஆச்சு" என்றாய். உண்மையைச் சொன்னால், அந்த மண் சூட்டை இழுத்தது. அன்றைக்கு நீ தூங்கினாய். பட்டினியோ உன்னை உருக்கியது.

மூச்சுப் பயிற்சி செய்தோம். ஒரு மண்டலம் விரதம் இருந்தேன். சிவாஜிநகர் பக்கம் ஒரு தர்காவில் மயிலிறகால் தடவிவிட்டார்கள். நல்லெண்ணெயில் ஓமம் காய்ச்சி உன் கால் இரண்டையும் அரை மணி நேரம் பிடித்துவிடுவேன், திருப்புகழ் முணுமுணுத்துக்கொண்டே. அதில்தான் உன் முகம் தளர்ந்தது. இதெல்லாம் பொய்யில்லை, அக்கா. இன்றும் சொல்வேன். வலி இருக்கிற உடம்புக்கு ஒரு மனுஷக் கை வேண்டும். தூக்கம் வேண்டும். நம்மை ஒருத்தி கவனிக்கிறாள் என்ற நிம்மதி வேண்டும். இவை அதைக் கொடுக்கும்.

ஆனால் நாம் என்ன செய்தோம்? ஹோமியோபதி ஐயாவிடம் "களைப்பு, அக்குளில் நெறி கட்டியிருக்குது" என்றோம். தர்காவில் "தோள் வலி" என்றோம். மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுத்தவரிடம் "தூக்கமில்லை" என்றோம். ஆளுக்கொரு வியாதி சொன்னோம். அவர்களும் பாவம், நாம் சொன்ன வியாதிக்கு மருந்து கொடுத்தார்கள். உன் கட்டிக்கு ஒருத்தர்கூட வைத்தியம் பார்க்கவில்லை.

ஒரே ஒருவர் கண்டுபிடித்தார். அந்த ஹக்கீம். திரைக்குப் பின்னால் உன்னை உட்காரவைத்து மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து நாடி பார்த்தாரே, ஞாபகமிருக்கிறதா? விரலை எடுக்காமல் இன்னொரு தரம் பார்த்தார். பிறகு என்னைத்தான் பார்த்துச் சொன்னார்: "பேட்டீ, மகளே, நாடி ஒண்ணு சொல்லுது, நீங்க ஒண்ணு சொல்றீங்க. என் மருந்து தெம்புக்குத் தரேன். ஆனா உள்ள இருக்கறத கண்ணால பாக்கணும். லேடி டாக்டர் இருக்காங்கோ. நாளைக்கே போங்கோ. நாளன்னைக்கு இல்ல."

வெளியே வந்ததும் நீ, "இவருக்கு ஒண்ணும் தெரியல, வாடி" என்றாய். நானும் ஆமாம் போட்டேன். பஸ்ஸில் வரும்போது இரண்டு பேரும் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தோம். அதன் பிறகு அந்தத் தெருப்பக்கமே போகவில்லை. உண்மையைச் சொன்ன வைத்தியரை மட்டும் நாம் விட்டுவிட்டோமே, ஏன் அக்கா?

இப்போது நோட்டுக்கு வருகிறேன்.

நம் வீட்டுப் பழக்கம் உனக்குத் தெரியும். படியால் அளந்தால் முதல் படிக்கு ஒன்று என்று சொல்ல மாட்டோம், லாபம் என்போம். அரிசி தீர்ந்தது என்று வாயால் சொல்ல மாட்டோம். விளக்கை அணை என்று சொல்ல மாட்டோம். அப்படி வளர்ந்த கை, பிள்ளையார் சுழிக்குக் கீழே "இன்று வலி தாங்கவில்லை" என்று எப்படி எழுதும்? முதல் தரம் எழுதப் போனபோது நீயே பார்த்துவிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டாய். "அத எழுதாதடி. எழுதினா நெலச்சிடும்" என்றாய்.

அன்றிலிருந்து நல்ல நாள் என்றால் குணம் என்ற கட்டத்தில் எழுதினேன். "வலி குறைவு." "இரண்டு இட்லி சாப்பிட்டாள்." "நன்றாகத் தூங்கினாள்." கெட்ட நாள் என்றால் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டேன். ஹோமியோபதி ஐயா நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "குணம் தெரியுதே, இதே மருந்து நடக்கட்டும்" என்பார். அவர் என்ன செய்வார்? அவர் பார்த்தது என் எழுத்தை. கடைசியில் யாரை ஏமாற்றினோம்? நானே ராத்திரி அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு, அக்கா தேறி வருகிறாள் என்று நம்பிக்கொண்டு தூங்கினேன். வெறும் கட்டங்கள் கண்ணில் படவே இல்லை.

கட்டி உடைந்து புண்ணாகி, நாற்றத்தை மறைக்க முடியாமல் போன பிறகுதான் மாமாவிடம் சொன்னோம். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா திட்டவில்லை. "ஒரு வருஷம் முன்னாடி வந்திருக்கலாமே" என்று மட்டும் சொன்னார். அந்த வார்த்தையை நீ கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன். கேட்டாயா?

இத்தனையும் வசந்தாவுக்குத் தெரியாது. அவள் கையில் இருந்ததெல்லாம், அம்மா தேறிக்கொண்டே வந்ததாகச் சொல்லும் ஒரு நோட்டு.

திங்கட்கிழமை ஜீவனஹள்ளிக்குப் போனேன். மாமியார் சமையலறையில். நாங்கள் முன்னறையில் பாயில் உட்கார்ந்தோம். நோட்டை வாங்கித் திறந்து, வெறும் கட்டம் ஒவ்வொன்றிலும் விரலை வைத்துச் சொல்லிக்கொண்டே போனேன். இந்தச் செவ்வாய்க்கிழமை உங்கம்மா தலையணையைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். இந்த வெள்ளிக்கிழமை ரவிக்கை போட முடியவில்லை. இந்த மூன்று நாளும் கஞ்சி இறங்கவில்லை. ஒரு நாளும் எனக்கு மறக்கவில்லை, அக்கா. எழுதியதெல்லாம் மறந்திருக்கிறது, எழுதாதது ஒன்றும் மறக்கவில்லை.

வசந்தா என் விரலைத் தள்ளிவிட்டாள். பிறகு நோட்டைப் பிடுங்கி விசிறியடித்தாள்.

"இதுக்குப் பொட்டு வெச்சு, பூ வெச்சு, ஆறு வருஷமா கும்பிட்டேனே சின்னம்மா! பொய்யையா கும்பிட்டேன்?"

"பொய் எழுதல கண்ணு. பாதி எழுதினேன்."

"அதான் பொய்யி! எங்கம்மாவ ஆஸ்பத்திரி கொல்லல, நீங்க ரெண்டு பேரும் சேந்து..."

உள்ளேயிருந்து மாமியார், "இன்னாம்மா அது சத்தம்?" என்றார்.

"ஒண்ணுமில்ல அத்தே, நோட்டு வுழுந்துச்சு" என்றாள் வசந்தா. சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். ஒண்ணுமில்லை என்று அவள் சொன்னது உன் குரல்தான். அதே மாதிரி, அவ்வளவு சுலபமாக.

நான் எழுந்து சமையலறை வாசலில் நின்றேன். "சம்பந்தி, ஒண்ணுமில்லாம இல்ல. வசந்தாவுக்கு மாருல ஒரு கட்டி இருக்குது. எங்க அக்காவுக்கு இருந்த மாதிரி. நாளைக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்றேன். நம்பிச் சொன்னதைக் காப்பாற்றாதவள் என்று வசந்தா என்னை வெறுத்தாலும் வெறுக்கட்டும் என்றுதான் சொன்னேன். அந்த அம்மா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தார். சண்டைக்கு வருவார் என்று நினைத்தேன். "நாளைக்கு ஏன்? இன்னும் மணி பத்துகூட ஆவல. நான் பசங்களப் பாத்துக்கறேன். எழுந்து பொடவைய மாத்து வசந்தா" என்றார். அக்கா, நாம் பயந்து பயந்து மறைத்த மாமியார்கள், புருஷர்கள் எல்லாரும் இப்படித்தான் இருந்திருப்பார்களா? மாப்பிள்ளை சாயங்காலம் கேள்விப்பட்டு, "எங்கிட்ட சொல்றதுக்கு இன்னா, நான் புலியா?" என்று கேட்டுவிட்டுப் பின்பக்கம் போய் உட்கார்ந்துகொண்டார். வெகு நேரம் வரவில்லை.

வசந்தாவைப் பார்த்த டாக்டரம்மா கன்னடக்காரர். சின்ன வயசு. கட்டியில் ஒரு துளி வெட்டி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார். எல்லாக் கட்டியும் கெட்ட கட்டி அல்லவாம். இந்த வயசில் ஒன்றுமில்லாத கட்டியும் வருமாம். ஆனால் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, காகிதம் வரட்டும் என்றார்.

நான் விடவில்லை. உன் நோட்டை அவர் மேஜை மேல் வைத்து எல்லாவற்றையும் கேட்டேன். எண்ணெய், மண், உருண்டை, விரதம், மயிலிறகு. அவர் சிரிக்கவில்லை, ஒவ்வொன்றாக என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். செய்வதை மாடுறது என்றும், வேண்டாம் என்பதைப் பேடா என்றும் கன்னடம் கலந்துதான் பேசுவார். "ஏனம்மா, இதெல்லாம் மாடுறது தப்பு அல்ல. தலைக்கு எண்ணெய் வெய்யுங்க, கால் புடிச்சு விடுங்க, பாட்டு பாடுங்க, பூஜை மாடுங்க. கட்டி மேல மட்டும் ஒண்ணும் வெக்க பேடா. பட்டினி பேடா. உள்ளுக்கு எது குடுத்தாலும் எனக்கு சொல்லிட்டு குடுங்க. டாக்டருக்கு சொல்லாம மாடுறதுதான் தப்பு" என்றார்.

சங்கத்து அம்மாமார்களே, என் அறிமுகம் இவ்வளவுதான். சளிக்கு நொச்சி ஆவி பிடியுங்கள், பிடிப்புக்கு ஒத்தடம் கொடுங்கள், மனசு அலைந்தால் மூச்சை எண்ணுங்கள், சாமியைக் கூப்பிடுங்கள். எனக்கும் இவையெல்லாம் இல்லாமல் முடியாது. ஆனால் கட்டி, விடாத ரத்தப்போக்கு, ஆறாத புண், காரணமில்லாத இளைப்பு என்றால் முதலில் டாக்டர் பார்க்கட்டும், நம் கை கூடவே துணைக்கு இருக்கட்டும். யாரிடம் போனாலும் வியாதியின் உண்மையான பேரைச் சொல்லுங்கள். கெட்ட நாளையும் எழுதுங்கள். எழுதினால் நிலைக்காது. இதை நான் அனுபவித்துச் சொல்கிறேன்.

நாளைக்குக் காகிதம் வருகிறது. இந்தப் பத்து நாளும் வசந்தா என்னிடம் அதிகம் பேசவில்லை. தினமும் போகிறேன். கால் பிடித்துவிட்டால் வேண்டாம் என்று சொல்வதில்லை, ஆனால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்கிறாள். நேற்று மட்டும் திடீரென்று, "அம்மா கடைசியா எப்ப சிரிச்சுச்சு சின்னம்மா?" என்று கேட்டாள். முருகனுக்கு உருண்டை கொடுக்கச் சொன்ன கதையைச் சொன்னேன். சுவரைப் பார்த்தபடியே இருந்தவளின் தோள் குலுங்கியது. சிரித்தாளா அழுதாளா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் இல்லை.

அக்கா, எனக்குப் பயமாக இருக்கிறது. அந்தக் காகிதத்தில் என்ன இருக்கும் என்று முருகனுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. ஒன்று மட்டும் உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். டாக்டரம்மா சொல்வதை நான் முன்னால் போய்த் தனியாகக் கேட்க மாட்டேன். உன் மகள் பக்கத்தில் உட்கார்ந்துதான் கேட்பேன். அவளுக்கு ஒரு வார்த்தை குறைத்துச் சொல்ல மாட்டேன். கத்தி என்றால் கத்திக்குக் கையெழுத்துப் போடும்போது அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டால் திருப்பிக்கொள்ளட்டும். நான் எழுந்து போக மாட்டேன்.

காலை ஏழு மணிக்கு மாப்பிள்ளை அவளை அழைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு வருகிறேன் என்றிருக்கிறார். நான் ஆறரைக்கே போய் நிற்பேன்.

உன் தங்கை,
வசந்தாவுக்குச் சின்னம்மா,
மரகதம்